இறங்கியதற்குச் சாட்சி

பாதாளச் சாக்கடையில் இறங்கி, நிரந்தரமாக முடங்கிப் பிழைக்க வழியற்றுப்போனவருக்கு 20 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாம் கொண்டாடிப் பகிர்ந்த தீர்ப்பு. வழக்கறிஞராக என் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது, தோழர்களே: அவர் இறங்கியதற்குச் சாட்சி எங்கே?

வருகைப் பதிவேடு கிடையாது. மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் ‘வழுக்கி விழுந்தார்’ என்றிருக்கும். அப்படிச் சொன்னவர் கூட்டிவந்த மேஸ்திரி. இறக்கியவருக்குச் சிறை என்கிறதே 2013 சட்டம்! அதிகாலையில் கூப்பிட்ட செல்பேசி அழைப்பு, டீக்கடைக்காரரின் நினைவு என்று பொறுக்கிச் சேர்க்கிறேன். கூட இறங்கியவர் வாய் திறந்தால் நாளை அவருக்கு வேலையில்லை. சாதி தலையில் கட்டிய வேலை, ஏட்டில் மட்டும் ஏறுவதில்லை.

‘நான் இறக்கவில்லை’ என்று நிரூபிக்கும் பொறுப்பை ஒப்பந்ததாரர் மேல் சுமத்தச் சட்டத்தைத் திருத்துங்கள்.