கண் திறந்த பின்னரே பாடம் தொடங்குகிறது

எழுத்தறிவைக் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பேசுவது நம் முன்னோர் மரபு. அந்த உவமையை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்கி வந்தவன் நான். ஆயினும், காண்பதும் ஒரு கல்வியே, குழந்தை அதனையும் கற்றுத்தான் ஆகவேண்டும் என்னும் உண்மையை ஒரு சிறுமியிடமிருந்தே கற்றுக்கொண்டேன். அதனை இவ்வாண்டு மலரின் வாயிலாகப் பெற்றோர்க்கும் உடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1990களின் நடுப்பகுதியில், செபராங் பிறையில் ஒரு தோட்டப் பள்ளியில் முதலாம் ஆண்டு வகுப்பாசிரியராக இருந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பிறவியிலேயே கண்புரை கொண்டு, இரண்டு வயதில் அறுவை சிகிச்சை செய்யப்பெற்ற சிறுமி ஒருத்தி அவ்வகுப்பில் சேர்ந்தாள். தடித்த கண்ணாடி அணிந்திருந்தாள். கரும்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வாள். புத்தகத்தை மூக்கில் இடிக்குமளவுக்கு நெருக்கிப் பிடிப்பாள். இவை தீய பழக்கங்கள் என்று கருதிய நான், “நேராகப் பார்” என்று அவள் மோவாயைப் பிடித்துத் திருப்பினேன். ஒரு நாளன்று, பல நாள் அவ்வாறு செய்தேன். மற்றப் பிள்ளைகள் கேலி செய்தமையால் அவள் கண்ணாடியைப் பைக்குள் ஒளித்து வைத்ததையும் நான் கவனிக்கவில்லை. அறுவைதான் முடிந்துவிட்டதே, இனிக் குறை படிப்பில்தான் என்று முடிவு கட்டினேன்.

சில மாதங்கள் கழித்து, அவளைப் பரிசோதித்த கண் மருத்துவர் எழுதிய கடிதம் ஒன்றைத் தாயார் கொண்டுவந்தார். சிறுமியின் விழிகள் தாமாகவே இடைவிடாது அசைகின்றன என்றும், முகத்தை ஒரு பக்கம் திருப்பும்போதுதான் அவ்வசைவு அடங்கி எழுத்துத் தெளிகிறது என்றும், ஆகவே தலையை நேராக்க வேண்டாம் என்றும் அதில் கண்டிருந்தது. அக்கடிதத்தைப் படித்தபோது என் கை கூசியது. “ஆபரேஷன்தான் செஞ்சாச்சே சார், இன்னும் எதுக்குக் கண்ணாடின்னு வீட்டுல பெரியவங்க கேக்குறாங்க” என்றார் அத்தாயார். பயிற்சி பெற்ற ஆசிரியனாகிய நானே அவ்வாறு எண்ணியிருக்கும்போது, அப்பெரியவர்களை எவ்வாறு குறைகூற இயலும்?

புரையும் மூளையும்

கண்ணின் உள்ளே ஒளியைக் குவிக்கும் வில்லை ஒன்றுண்டு. அது பளிங்குபோல் தெளிந்திருக்க வேண்டும். அது மங்கி வெளுப்பதே கண்புரை. முதியோர்க்கு வரும் நோய் என்றே நாம் இதனை அறிவோம். ஆனால் சில குழந்தைகள் புரையுடனேயே பிறக்கின்றன. பரம்பரை ஒரு காரணம். தாய் கருவுற்ற காலத்தில் ருபெல்லா என்னும் அம்மைக் காய்ச்சலுக்கு ஆளாவது மற்றொரு காரணம். இத்தொடர்பை 1941-இல் முதன்முதலாக உலகுக்கு உணர்த்தியவர் நார்மன் கிரெக் என்னும் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை ஆராய்ந்து 1996-இல் வெளியிடப்பெற்ற அறிக்கையில், ஒரு வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் புரை வந்தது ருபெல்லாவினால் என்று தெரியவந்தது. தடுப்பூசியால் தவிர்த்திருக்கக்கூடிய இருள் அது! நம் நாட்டில் 1988 முதல் பள்ளி மாணவியர்க்கும், 2002 முதல் குழந்தைகள் அனைவருக்கும் இத்தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. தடுப்பூசி அட்டையை அலட்சியம் செய்யும் பெற்றோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதியவர்க்குப் புரை நீங்கினால் முன்பிருந்த பார்வை திரும்புகிறது. குழந்தைக்கோ திரும்புவதற்கு முன்பார்வை என்று ஒன்று இல்லை. கண் ஒளியை வாங்குகிறது. அதற்குப் பொருள் சொல்வது மூளை. பிறந்த முதல் மாதங்களில் தெளிந்த உருவங்கள் வந்து சேராவிடில், மூளையின் பார்வைப் பகுதி அத்தொழிலைக் கல்லாமலே வளர்ந்துவிடுகிறது. பூனைக்குட்டிகளின் ஓர் இமையைச் சில காலம் மூடிவைத்து இவ்வுண்மையை 1960களில் மெய்ப்பித்த ஹூபல், வீசல் என்னும் அறிஞர் இருவரும் 1981-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஆகையால்தான் ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த புரை இருப்பின் சுமார் ஆறு வாரத்திற்குள்ளும், இரு கண்களிலும் இருப்பின் சுமார் பத்து வாரத்திற்குள்ளும் அறுவை செய்துவிடுவது நலம் என்கின்றனர் மருத்துவர்.

கனடாவின் டொரொண்டோ நகரில் புரை நீக்கப்பெற்ற 28 குழந்தைகளைப் பற்றி 1999-இல் வெளிவந்த ஆய்வொன்று வியப்பூட்டுவது. பிறந்து ஒரு வாரம் முதல் ஒன்பது மாதம் வரையிலான அக்குழந்தைகளுக்கு அறுவைக்குப் பின் வில்லை பொருத்தியபோது, முதல் பார்வை புதிதாய்ப் பிறந்த சிசுவின் பார்வையளவே இருந்தது. ஆனால் ஒரு மணி நேரம் பார்த்த அளவிலேயே பார்வைத் திறன் உயரத் தொடங்கிவிட்டது. தெளிந்த காட்சிக்காக மூளை அத்தனை ஏக்கத்துடன் காத்திருக்கிறது!

காலம் கடந்தவர் கதி

அப்படியாயின், காலம் தாழ்த்தி வந்த பிள்ளை வீணா? இல்லை. அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கும் பவன் சின்ஹா என்னும் இந்தியர், ‘பிரகாஷ்’ என்னும் திட்டத்தின்கீழ், வறுமையால் பல ஆண்டுகள் சிகிச்சையின்றிக் கிடந்த வட இந்தியச் சிறுவர்களுக்குப் பார்வை கிடைக்கச் செய்து, அதன்பின் அவர்கள் காணக் கற்பதை ஆராய்ந்தார். 2011-இல் வெளிவந்த ஆய்வில், எட்டு முதல் பதினேழு வயதினரான ஐவர், கையால் தடவி அறிந்த கட்டையைக் கண்ணால் கண்டு அடையாளம் சொல்ல முதலில் திணறினர். ஆனால் சில நாள்களிலேயே அதில் தேறினர். நின்ற படத்தில் நிழலையும் தனிப் பொருளாக எண்ணிக் குழம்பியவர்கள், அப்பொருள் நகர்ந்தபோது அதனை முழுமையாக இனங்கண்டனர் என்பதும் இத்திட்டத்தின் கண்டுபிடிப்பே.

இவர்களுடைய பார்வை நம் பார்வையளவு கூர்மை பெறுவதில்லை என்பதையும் மறைக்கலாகாது. நுண்ணிய எழுத்து பலர்க்கு எட்டாமலே போகிறது. ஆதலால், தாமதம் நன்றன்று; தாமதமாகிவிட்டதென்று கைவிடுவது அதனினும் தீது.

நம் கடமை

அறுவைக்கும் பார்வைக்கும் இடையே பல ஆண்டுகள் உள்ளன. அவ்வாண்டுகளை மருத்துவமனையில் கழிக்க இயலாது. வீட்டிலும் வகுப்பறையிலுமே அவை கழிகின்றன. எனவே நாம் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது கண்ணாடி. வில்லை நீக்கப்பெற்ற கண்ணுக்குக் கண்ணாடியே வில்லை. செயற்கை வில்லை பொருத்தப்பெற்ற குழந்தைக்கும், பலகைக்கு ஒன்றும் புத்தகத்திற்கு ஒன்றுமாக இரட்டைக் கண்ணாடி தேவைப்படலாம். ஏனெனில் அவ்வில்லை தானே தூரத்திற்கேற்ப மாறிக்கொள்வதில்லை. குழந்தையின் கண் வளர வளரக் கண்ணாடியின் அளவும் மாறும். சில குழந்தைகளுக்கு ஆண்டுகள் கழித்துக் கண் அழுத்தமும் ஏற்படலாம். ஆதலால், பாலத்தைக் கடந்து மருத்துவமனைக்கு வர ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று தவணையைத் தவறவிடலாகாது.

இரண்டாவது கண்பட்டை. ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்த குழந்தைக்கு, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைக்கச் சொல்வர். நல்ல கண்ணை மூடுவதா என்று பாட்டிமார் பதறுவர், குழந்தையும் அழும். ஆயினும், பின்தங்கிய கண்ணுக்கு வேலை கொடுத்தால்தான் மூளை அதனை ஏற்கும். வகுப்பில் எவரும் நகைக்காமல் காப்பது ஆசிரியர் பொறுப்பு.

மூன்றாவது இருக்கை. இப்பிள்ளையை முன்வரிசையில், சன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காதவாறு அமர்த்துக. எழுத்தைப் பெரிதாக, கருமையாக எழுதிக் கொடுக்க. புத்தகத்தை நெருக்கிப் பிடித்தால் தடுக்க வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள அதுவே அவன் கண்ட வழி. தலையைச் சாய்த்தால் சாய்க்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்றுண்டு. பிறந்த குழந்தையின் கருமணியில் வெண்மை தெரிந்தாலும், நிழற்படத்தில் ஒரு கண் மட்டும் வெளுத்துத் தோன்றினாலும், அன்றே மருத்துவரிடம் காட்டுக. அது புரையாக இருக்கலாம். அதனினும் கொடிய புற்றாகவும் இருக்கலாம். கைவைத்தியம் என்று நாளைக் கடத்தலாகாது. பார்வை முழுமையாகத் தேறாத பிள்ளைக்கும் பினாங்கிலேயே வழி உண்டு. 1926-இல் தோற்றுவிக்கப்பெற்று, இன்று பாகான் ஜெர்மால் சாலையில் இயங்கிவரும் செயின்ட் நிக்கலஸ் இல்லம், பார்வையற்றோர்க்கும் பார்வை குறைந்தோர்க்கும் தொண்டாற்றி வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், தண்ணீர்மலைத் தைப்பூசக் கூட்டத்தில் “சார்” என்று ஒரு குரல் கேட்டுத் திரும்பினேன். தடித்த கண்ணாடி, ஒரு பக்கமாகத் திரும்பிய முகம், இடுப்பில் கைக்குழந்தை. தன் புரை பிள்ளைக்கும் வந்திருக்குமோ என்று அஞ்சி, பிறந்த முதல் வாரத்திலேயே கண் மருத்துவரிடம் காட்டியதாகவும், குறை ஏதுமில்லை என்று அவர் கூறியதாகவும் மகிழ்ந்து சொன்னாள். நான் அவள் மோவாயைத் திருப்பியது அவள் நினைவில் இருந்ததோ இல்லையோ, அவள் அதைப் பேசவில்லை. என் நினைவில் அது என்றும் இருக்கும்.

இம்மலரைப் படிக்கும் ஆசிரியர்களே, பெற்றோர்களே! நாளைக் காலையில் உங்கள் முன் முகம் திருப்பி அமர்ந்திருக்கும் குழந்தையைக் கடிந்துகொள்ளுமுன், அது எவ்வாறு பார்க்கிறது என்று ஒருமுறை கேளுங்கள்.