ஹங்கேரி 2006: இரண்டு வெளிப்பாடுகள்

கம்யூனிச ஆட்சி வீழ்ந்த நாடுகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1989-உடன் நின்றுவிடுகிறார்கள். நமக்கோ ஹங்கேரியின் 2006-ஆம் ஆண்டு கூடுதல் கவனத்துக்குரியதாகப் படுகிறது. பழைய ஆட்சிக்காலத்துப் பொய்யொன்றும் மக்களாட்சிக் காலத்துப் பொய்யொன்றும் ஒரே ஆண்டில் வெளிப்பட்டன.

முதலாவது, ஜனவரியில். 'வாழ்வும் இலக்கியமும்' எனப் பொருள்படும் பெயர்கொண்ட புடாபெஸ்ட் வார இதழ், திரைப்பட இயக்குநர் இஸ்த்வான் ஸாபோ தம் மாணவப் பருவத்தில், 1956 எழுச்சி நசுக்கப்பட்ட பின், உளவுத்துறைக்குத் தகவல் தந்தவர் என்று எழுதியது. நாஜிகளிடம் விலைபோகும் நடிகனைப் பற்றிய 'மெஃபிஸ்டோ'வை எடுத்துப் பிறமொழிப் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றுத்தந்தவர் அவர். நண்பனொருவனைத் தூக்குமரத்திலிருந்து காக்கவே அவ்வாறு செய்ததாக ஸாபோ கூறிய விளக்கம் சர்ச்சைக்குள்ளானது. எனினும் அறிவுலகத்தினர் பலர் அவருக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டனர். இருபது வயதுக்காரனை மிரட்டிப் பணியவைத்த அரசை மறந்துவிட்டு அவனை மட்டும் கூண்டிலேற்றுவது நேர்மையாகாது. இதில் நாம் அவர்கள் பக்கமே. ஆனால் அதே நாட்டில் பீட்டர் எஸ்தர்ஹாஸி என்றொரு நாவலாசிரியர் இருந்தார். தந்தையை மையமாக்கிப் பெருநாவலொன்றை எழுதி முடித்தபின், அத்தந்தை உளவாளியாயிருந்ததைக் கோப்புகளில் கண்டார். 2002-இல் அதைத் தாமே நூலாக்கி வெளியிட்டார். எந்த இதழும் அவரைத் துரத்தவில்லை.

இரண்டாவது வெளிப்பாடு பிரதமர் ஃபெரென்ஸ் ஜுர்ச்சானியுடையது. ஏப்ரல் தேர்தலில் அவரது சோசலிஸ்ட் கூட்டணி வென்றது. 1990-க்குப் பின் அங்கே ஓர் அரசு மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதன்முறை. மே 26 அன்று பாலட்டன் ஏரிக்கரையில் நடந்த மூடிய கூட்டத்தில், காலையும் இரவும் பொய் சொல்லியே காலம் ஓட்டினோம் என்று தம் கட்சியினரிடம் அவர் வசைச்சொற்களோடு கொதித்தார். செப்டம்பர் 17 அன்று அதன் ஒலிப்பதிவு கசிந்தது. அவரும் மறுக்கவில்லை, முழு உரையையும் தாமே இணையத்தில் வெளியிட்டார். அவ்வாண்டின் நிதிப்பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 9 விழுக்காட்டைத் தாண்டியது.

அது பொய்யை நிறுத்தச் சொன்ன உரையே அன்றிப் பொய்யைப் போற்றிய உரையன்று என்பார் உண்டு. உரையை முழுதாகப் படித்தால் அதில் உண்மையான ஆத்திரம் இருப்பதை மறுக்க இயலாது. ஆயின் யாரிடம் சொல்லப்பட்டது அவ்வுண்மை? ஏமாந்த வாக்காளன் அந்த அறையில் இல்லை. வாக்குகள் எண்ணி முடிந்து ஒரு மாதத்துக்குப் பின், ஏமாற்றியவர்கள் தமக்குள் பேசிக்கொண்டது அது.

மறுநாள் இரவு ஒரு கூட்டம் அரசுத் தொலைக்காட்சி நிலையத்தைத் தாக்கியது; தங்கள் கோரிக்கை திரையில் வாசிக்கப்படவேண்டுமாம். 1956-இல் மாணவர்கள் தம் கோரிக்கைகளை ஒலிபரப்பச் சொல்லி வானொலி நிலையத்தை முற்றுகையிட்டதன் நகல் இது. நகல் என்றே சொல்லவேண்டும். அன்று வானொலிக்கு வெளியே வேறு வழியில்லை. 2006-இலோ அக்டோபர் 1 அன்றே உள்ளாட்சித் தேர்தல் வந்தது, ஆளுங்கட்சி அதில் படுதோல்வியுற்றது. ஆனாலும் ஜுர்ச்சானி பதவி விலகவில்லை. அக்டோபர் 6 அன்று நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்கு வென்றார்.

எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான அக்டோபர் 23 வன்முறையில் முடிந்தது. காவல்துறையின் ரப்பர் குண்டுகளில் சிலர் கண்ணிழந்தனர். வன்முறையில் இறங்காதவர்களும் தப்பவில்லை. நினைவுக்காட்சிக்கு வைத்திருந்த பழைய சோவியத் டி-34 டாங்கி ஒன்றைக் கிளர்ச்சிக்காரர்கள் முடுக்கிச் சிறிது தூரம் ஓட்டியும் சென்றனர்! அருங்காட்சிப் பொருளுக்குள் இன்னும் எரிபொருள் இருந்திருக்கிறது.

ஜுர்ச்சானி 2009 வரை பதவியில் நீடித்தார். 2010 தேர்தலில் விக்டர் ஓர்பானின் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கிடைத்தது. அப்பெரும்பான்மையைக் கொண்டு மறு ஆண்டே அவர் புதிய அரசியல் சட்டம் இயற்றினார். அதைத் தடுக்க வேண்டிய சோசலிஸ்ட் கட்சியிடம் அப்போது 386 இடங்களில் 59 மட்டுமே எஞ்சியிருந்தன.