ஊழியன் என்ற சொல் யாருக்குச் சொந்தம்?

தமிழ்க் கிறித்தவம் நம் மொழிக்குப் பல சொற்களைத் தந்திருக்கிறது. சில சொற்களைத் தலைகீழாகவும் ஆக்கியிருக்கிறது. அவற்றுள் முதன்மையானது 'ஊழியம்'. திருவிதாங்கூர் அரசில் அது ஒடுக்கப்பட்ட சாதியினரிடமிருந்து கூலியின்றிப் பிடுங்கப்பட்ட கட்டாய உழைப்பின் பெயர். குமரி மண்ணின் சபைகள் பலவற்றில் இன்று அமர்ந்திருப்போரின் மூதாதையர் அந்த ஊழியத்தைச் சுமந்தவர்கள். இன்றோ 'ஊழியர்' என்றால் மேடை நாற்காலி, சுவரொட்டியில் மார்பளவுப் படம், பெயருக்கு முன்னால் இரண்டு மூன்று பட்டங்கள்.

நாம் வாழும் நல்லூரில் இம்முரண் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பனியன் கம்பெனியில் பவர் டேபிளின் முன் முதுகு வளைந்து பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் 'தொழிலாளி'. சனிக்கிழமை அவர் வாங்கும் கூலியிலிருந்து ஞாயிறன்று தசமபாகம் பெறுபவர் 'ஊழியர்'. யார் யாருக்கு ஊழியம் செய்கிறார் என்பதைச் சொற்களே குழப்பிவிடுகின்றன.

இதற்கு ஒரு வாதம் சொல்லப்படுகிறது. திருச்சபைக்குப் பள்ளிகள் உண்டு, மருத்துவமனைகள் உண்டு, நிலங்கள் உண்டு. அதிகாரமில்லாமல் இவற்றை நிர்வகிக்க இயலுமா, பணிவிடைத் தலைமை என்பது பிரசங்கத்திற்கு மட்டுமே பொருந்தும் அழகல்லவா என்பது அவ்வாதம். வரலாறு இதை ஒப்புக்கொள்ளவில்லை.

1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை இருவர் தொடங்கினர். ஒருவர் மருத்துவர் சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தின் ஃபாரஸ்டர் பேட்டன். பின்னல் நூல் தயாரித்துச் செல்வம் குவித்த குடும்பத்தின் பிள்ளை. நூலை நம்பி வாழும் நம் ஊரார் இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அந்த நூல் முதலாளியின் மகன் கதர் உடுத்தினார். 1932இல் சென்னையில் காவலரின் தடியடியும் பட்டார். அவ்விருவரும் நடத்தியதும் நிறுவனம்தான். அங்கும் மருத்துவமனை இருந்தது, நிலம் இருந்தது, நிர்வாகம் இருந்தது. ஆனால் மக்கள் அவர்களை அழைத்த பெயர்கள் பெரியண்ணன், சின்னண்ணன். ஆண்டவர், ஆயர், தந்தை என்னும் பட்டங்களுக்கு நடுவே 'அண்ணன்' என்ற உறவுச் சொல்லே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

தோர்ணக்கல் பேராயர் அசரியாவையும் நினைவூட்டுவோம். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அவர், 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளை மிஷனரிகளின் முகத்துக்கு நேரே கேட்டது பணமன்று, நட்பு. 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆன பின்பும் தெலுங்கு பேசி, தலித் மக்களின் சிற்றூர்களைத் தேடிச் சென்றுகொண்டே இருந்தார். பதவி அவரை மேடையேற்றவில்லை, தெருவில் இறக்கியது.

அவர் கனவு கண்ட ஒன்றிணைந்த திருச்சபை, அவர் மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாகப் பிறந்தது. அதன் இன்றைய நிலை என்ன? பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70 ஆக்கும் திருத்தமும், 2023இல் நடந்த தலைமைத் தேர்தலும் நீதிமன்றப் படியேறின. இறங்கிப் போவதற்கு ஒரு வயது உண்டு என்பதை ஏற்கவே வழக்கு தேவைப்படுகிற இடத்தில், ஆவிக்குரிய முதிர்ச்சியைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கடினம்!

முதிர்ச்சிக்கு நாம் வைத்திருக்கும் அளவுகோல்களே பிழையானவை. ஜெபத்தின் நீளம், குரலின் உயரம், கூட்டத்தின் எண்ணிக்கை ஆகியன முதிர்ச்சியாகா. கேள்வி கேட்பவனைக் கலகக்காரன் எனத் தள்ளாதிருத்தல், காணிக்கைக் கணக்கைச் சபையார் முன் விரித்துக் காட்டுதல், தன் மகனுக்கே மேடையை எழுதி வைக்காதிருத்தல்: இவை முதிர்ச்சி. கனிந்த பழம் தானாகவே காம்பை விடும். காயைத்தான் பறிக்க வேண்டியிருக்கிறது.

பெரிய வியாழன்தோறும் பன்னிருவரின் பாதங்களைக் கழுவுகிறோம். அவை பெரும்பாலும் வீட்டிலேயே கழுவிக்கொண்டு வந்த பாதங்கள். பஞ்சுத் தூசியும் சாயக் கறையும் படிந்த பாதங்கள் நம் தெருக்களில் நாள்தோறும் நடக்கின்றன. அவற்றின் முன் குனிய இயலாதவர் வேறு எந்தப் பட்டத்தையும் சூடிக்கொள்ளட்டும். 'ஊழியர்' என்ற சொல்லை மட்டும் அதைச் சுமந்தவர்களிடமே திருப்பித் தரட்டும்.