பல வேலை அறிந்த கைக்குப் பலன் எங்கே?

தோட்டத் தொழிலாளி ஒரு வேலையோடு நின்றுவிடலாகாது, பக்கத்துப் பிரிவின் வேலையையும் கற்றுக்கொள்ள வேண்டும், அப்படிக் கற்றவனுக்கே மதிப்பு என்று நிர்வாகத்தார் சொல்லி வருகிறார்கள். இந்த யோசனையை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் நாம் வரவேற்பதற்குக் காரணம் வேறு. அதற்கு நாம் கேட்கும் கூலியும் ஒன்று உண்டு.

கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கியா பார்ம் பக்கம் போனால் ஒருபுறம் காய்கறித் தோட்டங்களும் சந்தைக் கடைகளும் தெரியும். சற்று விலகிச் சென்றால் சுங்கை பாலாஸ் தேயிலை மலை. சுற்றுலா வருகிறவர்கள் பசுஞ்சரிவைப் படம் பிடித்து, ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கோப்பைக்குள் எத்தனை பிரிவுகளின் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை ரப்பர் தோட்டத்திலுள்ள நம் தோழர்களும் அறிய வேண்டும்.

மலையிலே கொழுந்து எடுப்பவர் ஒரு பிரிவு. கவ்வாத்து வெட்டுவோர், உரம் போடுவோர் இன்னொரு பிரிவு. தொழிற்சாலைக்குள் போனால் கொழுந்தை வாட்டுவோர், உருட்டுவோர், சிவக்க விடுவோர், உலர்த்துவோர், சலித்துத் தரம் பிரிப்போர் என்று வரிசை நீள்கிறது. சுமார் 5 கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் 1 கிலோ தூள் கிடைக்கும். சாக்கிலே கொழுந்தை அழுத்தித் திணித்தால் அது நசுங்கிச் சூடேறி, ஆலைக்கு வருமுன்பே சிவக்கத் தொடங்கிவிடும். பிறகு ஆலைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. முற்றிய இலையும் தண்டும் கலந்து வந்தால் சலிப்பவர் கைதான் நோகும். அதுபோல, மழையில் நனைந்த கொழுந்து வாட நேரம் பிடிக்கும் என்பது தெரிந்த ஆலைத் தோழர், மலையிலிருப்பவர்மேல் பழி போடமாட்டார்.

ரப்பரிலும் இதே கதைதானே? மங்கில் விழுந்த தூசும், நேரம் கடந்து எடுத்ததால் உறைந்துபோன பாலும் ஸ்டோரில் இருப்பவருக்குத் தலைவலி. ஒரு பிரிவின் வேலை அடுத்த பிரிவின் வேலைக்கு அடிப்படை. இதை அறிந்தவன் தன் வேலையைச் செம்மையாகச் செய்வான். அதுமட்டுமல்ல, குறை எங்கே நேர்ந்தது என்று யாரும் அவனை ஏமாற்ற முடியாது. நாம் வரவேற்பதற்கு இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் பிழைப்பைப் பற்றியது. 1960ஆம் ஆண்டுகளிலிருந்து நாட்டில் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. பால் வெட்டும் கத்தியைத் தவிர வேறொன்றும் கையில் பிடித்தறியாதவர்கள் அன்று பட்ட பாட்டை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. தேயிலையிலும் விரலால் கிள்ளிய இடத்துக்குக் கத்தரி வந்தது. பிறகு இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரமும் வந்துவிட்டது. இயந்திரத்தை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்தவன் அதற்கு எஜமானன். தெரியாதவன் அதற்கு இடம் விட்டு ஒதுங்க வேண்டியவன்.

இனி நாம் கேட்கும் கூலியைச் சொல்கிறோம். பல பிரிவுகளில் பழகியவன் என்று முதுகைத் தட்டிக் கொடுத்து, காலையில் மலைக்கும் மாலையில் ஆலைக்கும் அனுப்பி, மாதக் கடைசியில் பழைய சம்பளத்தையே கொடுத்தால் அதற்குப் பெயர் மதிப்பா? இருவர் வேலைக்கு ஒருவர் கூலி என்பதே அதன் பொருள். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அது ஒன்றும் அறியாமல் புதிதாக வருகிறவனுக்கும் உரிய தொகை. நான்கு வேலை கற்றவனுக்கும் அதுதான் என்றால் கற்றதன் பயன் யாருக்குப் போயிற்று?

சட்டம் இங்கே என்ன சொல்கிறது? 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம், 13ஆம் பிரிவில், பதவி உயர்வையும் இடமாற்றத்தையும் வேலை ஒதுக்கீட்டையும் நிர்வாகத்தின் உரிமையாக வைத்தது. 2021 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தால் இவை பற்றிப் பொதுவான கேள்விகளைச் சங்கம் எழுப்ப வழி பிறந்திருக்கிறது. தொழிலாளரின் திறமையை வளர்க்கும் பயிற்சியைக் கூட்டு ஒப்பந்தத்தில் சேர்க்கும்படி கேட்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. திறந்திருக்கும் கதவை நாம் ஏன் உபயோகிக்கக் கூடாது?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. பயிற்சி வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு நடக்க வேண்டும். கற்ற வேலை ஒவ்வொன்றுக்கும் சான்று எழுதிக் கொடுக்க வேண்டும். சான்றுக்கேற்பச் சம்பளப் படி உயர வேண்டும். இரண்டாம் பிரிவின் வேலையால் நேரம் நீண்டால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மிகை நேரத்துக்கு ஒன்றரை மடங்குக் கூலி தர வேண்டும். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கும் இயந்திரத்தின் பக்கமும் அலுவலகத்தின் பக்கமும் வாசல் திறந்திருக்க வேண்டும். வங்காள தேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து இம்மலையில் பாடுபடும் தோழர்களையும் இதில் ஒதுக்கலாகாது. அவர்களை மலிவாக வைத்திருந்தால் நம் கூலியும் மலிவாகவே இருக்கும்.

தோழர்களே! அடுத்த பிரிவின் வேலையைத் தயங்காமல் கற்றுக்கொள்ளுங்கள். கற்றுத் தர வல்லவர்கள் ஒளிக்காமல் கற்றுக் கொடுங்கள். அதே நேரத்தில், கற்றதற்குரிய ஊதியத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் பொறுப்பைச் சங்கக் கூட்டத்திற்கு வந்து நிறைவேற்றுங்கள். வாய்ப் பாராட்டு அடுத்த துரை வந்தால் மாறிவிடும். எழுத்தில் உள்ளது மாறாது.