15% தள்ளுபடி, கிட்டத்தட்ட டபுள் பிரீமியம்

என் பெரியப்பாவுக்கு சிவகாசியில் பைண்டிங் வேலை. காலண்டர், டைரி, அட்டைப்பெட்டி. அதுக்காக விருதுநகர், சாத்தூர், மதுரைன்னு வாரம் முழுக்க ஓடுறவர். பழைய டீசல் கார் ஒர்க்‌ஷாப்பிலேயே குடியிருக்க ஆரம்பிச்சதும், எலக்ட்ரிக் கார் வாங்கலாமான்னு ஒரு யோசனை. ஷோரூமில் ரெண்டு கொட்டேஷன் வாங்கி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிட்டு, உடனே போனும் பண்ணிட்டார்.

"பாப்பா, நீ கரண்டு படிப்புத்தான படிக்கிற, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லு. எலக்ட்ரிக் வண்டின்னா இன்சூரன்ஸ்ல கவர்மெண்டே 15 பர்சென்ட் தள்ளுபடி குடுக்குதுன்னு அந்தத் தம்பி சொல்றாரு. தள்ளுபடின்னா குறையணும்ல? இதுல கூடியில்ல இருக்கு?"

நான் ஈஇஇ ஃபைனல் இயர். மோட்டார், இன்வெர்ட்டர், லித்தியம் அயன் எல்லாத்துக்கும் இன்டெர்னல் எழுதி மார்க் வாங்கியாச்சு. பெரியப்பா கேட்டதுக்கு மட்டும் பதில் தெரியல. எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம். இங்கிலீஷில் இருந்த பாலிசி பேப்பரை எனக்கே மூணு தடவை படிக்க வேண்டியிருந்தது. ரெண்டு நாள் உட்கார்ந்து படிச்சதில் புரிந்ததை இங்கே எழுதுறேன். படிச்சு முடிச்சதும் கொஞ்சம் கோபமும் வந்தது, அதையும் சேர்த்தே எழுதுறேன்.

கார் இன்சூரன்ஸில் ரெண்டு பாகம். நம்ம வண்டி அடுத்தவருக்கு ஏற்படுத்துற உயிர்ச்சேதம், காயம், பொருள் சேதத்துக்கு தேர்டு பார்ட்டி. நம்ம வண்டிக்கே ஆகுற சேதத்துக்கு ஓன் டேமேஜ். முதலாவது, 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். அதோட விலையை எந்தக் கம்பெனியும் நிர்ணயிக்கிறது இல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயோட கலந்து பேசி அறிவிக்குது. சென்னைக்கும் சிவகாசிக்கும் ஒரே ரேட்டு. பேரம் பேச இடமே இல்ல.

பெரியப்பாவோட கொட்டேஷனில் இருந்தது 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த ரேட். பெட்ரோல், டீசல் காருக்கு 1,000 சிசி வரை வருஷத்துக்கு 2,094 ரூபாய். 1,000க்கு மேல் 1,500 சிசி வரை 3,416. அதுக்கும் மேலன்னா 7,897. எலக்ட்ரிக் காருக்கு சிசி கிடையாது இல்லையா, அதனால கிலோவாட். 30 கிலோவாட் வரை 1,780, 30க்கு மேல் 65 வரை 2,904, 65க்கு மேல் 6,712. கால்குலேட்டர் எடுத்துப் போட்டுப் பாருங்க, ஒவ்வொரு வரியும் பக்கத்து வரியில் சரியா 15% கம்மி. அந்த சேல்ஸ் தம்பி பொய் சொல்லல.

ஆனா எந்த வண்டி எந்த வரியில் உட்காருதுங்கிறதுதான் விஷயம்.

பெரியப்பா கேட்டது டாடா நெக்ஸான். பெட்ரோல் நெக்ஸானில் இருக்கிறது 1,199 சிசி டர்போ இன்ஜின், பவர் சுமார் 88 கிலோவாட். சிசி கணக்குப்படி அது நடு வரி: 3,416 ரூபாய். நெக்ஸான் இவியில் பேட்டரி சின்னதோ பெருசோ, மோட்டார் பவர் 90 கிலோவாட்டுக்கு மேல. அது நேரா கடைசி வரி: 6,712. அதே பாடி, அதே அஞ்சு சீட்டு, ஓட்டப்போறது அதே பெரியப்பா. 15% தள்ளுபடி கழிச்ச பிறகு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! புது காருன்னா மூணு வருஷத்துக்கு சேர்த்து முன்கூட்டியே கட்டணும். பெட்ரோலுக்கு 10,640, எலக்ட்ரிக்குக்கு 20,907. வித்தியாசம் 10,267 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்தா 12,115. பெரியப்பா பைண்டிங்கில் ஒரு ஆளுக்குக் குடுக்கிற மாசச் சம்பளத்தோட ஒப்பிட்டுப் பார்த்தார். நான் ஒண்ணும் சொல்லல.

வண்டி சின்னதா இருந்தா கதை வேற. டியாகோ பெட்ரோலும் 1,199 சிசி, 3,416 ரூபாய். டியாகோ இவி மோட்டார் 55 கிலோவாட்டைத் தாண்டாது, 2,904. இங்க தள்ளுபடி தள்ளுபடியாவே இருக்கு. டூவீலரிலும் அப்படித்தான். 110 சிசி ஸ்கூட்டருக்கு 714 ரூபாய், 3 முதல் 7 கிலோவாட் எலக்ட்ரிக்குக்கு 607. நம்ம காலேஜ் பார்க்கிங்கில் இவி வெச்சிருக்கிறவங்க நிம்மதியா மேல படிக்கலாம்.

இப்ப எதிர்க்கட்சி வக்கீலாவும் நானே பேசிப் பார்க்குறேன். தேர்டு பார்ட்டி பிரீமியம் அடுத்தவருக்கு வர்ற ஆபத்துக்கான விலை. பேட்டரி வண்டி கனம். நெக்ஸான் இவி சுமார் 1,400 கிலோ, பெட்ரோலை விட அதிகம். எடுத்த எடுப்பிலேயே முழு டார்க். அப்ப இடிச்சா சேதமும் கூடுதலா இருக்கலாம், பிரீமியமும் கூடலாமே? சரி, ஒத்துக்கிறேன். அப்படின்னா கனத்தை வெச்சே போடுங்க. நம்ம ஊர்ப் பக்கம் தெருவுக்கு ஒண்ணு நிக்கிற பொலிரோ 1,493 சிசி டீசல், ஒன்றரை டன்னுக்கு மேல. அதுக்கு 3,416தான். இல்ல, பவர்தான் ஆபத்துன்னு சொன்னா, 1,482 சிசி டர்போ பெட்ரோல் கிரெட்டா 160 பிஎஸ், கிட்டத்தட்ட 118 கிலோவாட். நெக்ஸான் இவியை விட அதிகம். அதுக்கும் 3,416தான். சிசிங்கிறது சிலிண்டரோட கொள்ளளவு. டர்போ வந்த பிறகு அது பவரையும் காட்டாது, எடையையும் காட்டாது.

பட்டாசுக் கடைக்கு லைசென்ஸ் எப்படிக் குடுக்கிறாங்கன்னு இந்த ஏரியாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தனை கிலோ வரைதான் ஸ்டாக் வைக்கலாம்னு எழுதியிருக்கும். ஆபத்து எவ்வளவுங்கிறதை மருந்தோட எடை சொல்லும். ஒரு கடைக்கு கிலோ கணக்கு, பக்கத்துக் கடைக்கு அட்டைப்பெட்டி எண்ணிக்கைக் கணக்குன்னு யாராவது சொன்னா திருத்தங்கல் முக்கில் வெச்சு சிரிப்பாங்க. கார் இன்சூரன்ஸில் அதைத்தான் பண்ணி வெச்சிருக்கு.

ஏன் இவ்வளவு கோபம், வருஷத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம்தானேன்னு கேக்கலாம். தேர்டு பார்ட்டியை வெறும் வரி மாதிரி நினைச்சுக் கட்டுறவங்கதான் அதிகம். என் ஹாஸ்டல் ரூம்மேட்டோட அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு ரோட்டோரமா நடந்து வந்தவரை ஒரு பைக் அடிச்சது. ரெண்டு காலும் போச்சு. அந்த பைக்குக்கு இன்சூரன்ஸ் காலாவதியாகி ரெண்டு வருஷம். ஓட்டுனவரும் லோடு ஏத்துறவர்தான். தீர்ப்பாயம் எவ்வளவு நஷ்டஈடு போட்டாலும் அவர்கிட்ட இருந்து எதை வாங்குறது? புது காருக்கு மூணு வருஷம், புது டூவீலருக்கு அஞ்சு வருஷம் மொத்தமா கட்டணும்னு 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுக்காகத்தான். அந்த சாலைப் பாதுகாப்பு வழக்கைப் போட்டவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை டாக்டர் எஸ். ராஜசேகரன். அடிபட்டு வர்றவங்களை டேபிளில் பார்த்தவர்.

அந்தப் பணம் ரோட்டில் விழுந்தவனுக்குப் போற பணம். கட்டாயமா வாங்குற காசுக்கு கணக்கு நேர்மையா இருக்கணும். இல்லைன்னா புதுசில் கட்டுறவன் நாலாவது வருஷம் ரினியூவல் வரும்போது விட்டுடுவான்.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. 250 வாட்டுக்குக் கீழ, மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் போற குட்டி ஸ்கூட்டருக்கு ரிஜிஸ்ட்ரேஷனும் வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம். வேலைக்குப் போற அக்காமார் நிறைய பேர் ஆசையா வாங்குறாங்க. அது ஒரு பாட்டி மேல மோதினா பாட்டிக்கு யார் குடுப்பா? அங்க பூஜ்யம், இங்க டபுள்.

ஓன் டேமேஜுக்கு வர்றேன். 2007-ல் இருந்து இதோட விலையைக் கம்பெனிகளே போட்டுக்குது. ஐடிவி, அதாவது வண்டியோட இன்றைய மதிப்பை வெச்சுதான் கணக்கு. எலக்ட்ரிக்கோட ஷோரூம் விலை கூட, அதனால ஐடிவியும் கூட. 12 லட்ச வண்டிக்கும் 15 லட்ச வண்டிக்கும் ஒரே 2% போட்டாலே ஆறாயிரம் வரை இடிக்கும். இதில் எனக்குப் பெரிய புகார் இல்ல. பிரிட்டனில் தாட்சம் ரிசர்ச் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், எலக்ட்ரிக் கார் கிளெய்ம் சுமார் 25% அதிகம் செலவு வைக்குதுன்னு சொன்னாங்க. ரிப்பேர் செலவு கூடினா பிரீமியம் கூடத்தான் செய்யும். அங்க மாதிரி இங்கயும் கிளெய்ம் கணக்கை விரிச்சுக் காட்டினா நாமளும் பேசாம கட்டிட்டுப் போவோம்.

இங்க பணத்தை விட முக்கியமா ஒரு வரியைப் படிக்கணும். வழக்கமான பாலிசியில், ஒரு பாகத்தை மாத்தினா ரப்பர், பிளாஸ்டிக், டயர், ஏர்பேக், அதோட 'பேட்டரி' எல்லாத்துக்கும் 50% தேய்மானம் கழிச்சுதான் தருவாங்க. அந்த வரியை எழுதின காலத்தில் பேட்டரின்னா பானெட்டுக்குள்ள இருக்கிற நாலாயிரம், அஞ்சாயிரம் ரூபாய் பெட்டி. இன்னைக்கு அதே வார்த்தை வண்டிக்கு அடியில் படுத்திருக்கிற லட்சக்கணக்கான ரூபாய் பேக்கையும் பிடிச்சுக்கலாம். பேட்டரி நாலு லட்சம்னு வெச்சுக்கிட்டா, விபத்தில் அது போனா ரெண்டு லட்சம் நம்ம கையில் இருந்து. இதுக்குத்தான் ஜீரோ டிப்ரீசியேஷன் ஆட்-ஆன். பெட்ரோல் காருக்கு அது சொகுசு, எலக்ட்ரிக்குக்கு அது சோறு. தண்ணி புகுந்து ஷார்ட் ஆனா என்னங்கிறதுக்கு சில கம்பெனி தனியா பேட்டரி கவர் விக்குது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டினதைப் பார்த்த பிறகு, தென்மாவட்டத்துக்காரங்க 'நமக்கு எங்க வெள்ளம்'னு சொல்ல முடியாது.

பெரியப்பாவோட நிஜமான பயம் தீ. யாரும் அதைக் கிண்டல் பண்ணாதீங்க. இங்க பிறந்தவங்களுக்கு சைரன் சத்தம் கேட்டா எந்தத் திசைன்னு பார்க்கிற பழக்கம் உண்டு. 2012-ல் முதலிப்பட்டி, 2021-ல் அச்சங்குளம், எல்லா வீட்டிலும் யாரையாவது தெரியும். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடிச்சு அப்பாவும் மகளும் இறந்ததையும் டிவியில் பார்த்தவர். அதுக்கப்புறம்தான் பேட்டரி பாதுகாப்பு விதிகளை இறுக்கி, 2022 டிசம்பர், 2023 மார்ச்னு ரெண்டு கட்டமா கொண்டு வந்தாங்க. "தானா தீப்பிடிச்சா இன்சூரன்ஸ்காரன் கைவிரிச்சிருவான்ல?"ன்னு கேட்டார். பாலிசியை எடுத்து வாசிச்சுக் காட்டினேன். எந்தெந்தச் சேதத்துக்குப் பணம்ங்கிற பட்டியலில் முதல் வரியே தீ, வெடிப்பு, தானாகப் பற்றுதல், மின்னல். இது பெட்ரோல் காருக்கும் இருக்கிற அதே வரி. ஆனா ஓன் டேமேஜ் எடுத்திருந்தாத்தான். வெறும் தேர்டு பார்ட்டி மட்டும்னா கரிக்கட்டை நமக்கு.

அதே பேப்பரில் இன்னொரு வரி பெரியப்பாவை நெளிய வெச்சது. தனியார் கார் பாலிசி, சரக்கு ஏத்துறதுக்கு செல்லாது. சாம்பிளும் சொந்த லக்கேஜும் மட்டும்தான். தீபாவளிக்கு முந்தின மாசம் நம்ம ஊரில் டிக்கி நிறைய பட்டாசு ஏத்தாத கார் எது? வீட்டுக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் வேற, வியாபாரத்துக்கு இருபது பெட்டி வேற. இருபது பெட்டியோட வண்டி எரிஞ்சா கம்பெனி பணம் குடுக்கும்னு நம்பாதீங்க. பெட்ரோலோ கரண்டோ, ரெண்டுக்கும் இதே கதிதான்.

இந்த அட்டவணை வர்றதுக்கு முன்னாடி 2022 மார்ச்சில் வரைவு வெளியிட்டு மக்கள்கிட்ட கருத்துக் கேட்டிருக்காங்க. நான் அப்ப போர்டு எக்ஸாம் டென்ஷனில் இருந்தேன். அடுத்த வரைவு வரும்போது நாம கையில் டிகிரியோட இருப்போம். கிலோவாட் வரிசையில் 65க்கு மேல எல்லாத்தையும் ஒரே கூடையில் போடாதீங்க, இல்லைன்னா பெட்ரோலையும் கிலோவாட்டிலேயே அளங்கன்னு ஒரு பக்கம் எழுதி அனுப்ப நம்ம டிபார்ட்மெண்டில் ஆள் இல்லையா?

பெரியப்பா இன்னும் முடிவு பண்ணல. பெட்ரோல் செலவு மிச்சத்தில் பன்னிரண்டாயிரம் சீக்கிரம் கழிஞ்சிரும்னு அவரே துண்டுச் சீட்டில் போட்டுப் பார்த்துட்டார். ஜீரோ டிப்ரீசியேஷனில் ஓட்டுற பேட்டரியும் சேருமா, சேராதான்னு எழுத்தில் குடுங்கன்னு என்னை விட்டே மெயில் போட வெச்சார். போன வியாழன் அனுப்பினேன். "வாயில சொன்னா எனக்கு வேண்டாம் பாப்பா, பேப்பர்ல வரட்டும்"னு சொல்லிட்டு, டீசல் காரை மறுபடி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போயிட்டார்.