விரையில் கத்தி வைக்கும் முன் ஒய் குரோமோசோமைப் பாருங்கள்

குழந்தையில்லாத் தம்பதியருக்காகப் பணியாற்றும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது: விந்துப் பரிசோதனையில் அணுவே இல்லை என்றோ, மில்லி லிட்டருக்கு 50 லட்சத்துக்கும் கீழே என்றோ வந்து, அடைப்பு காரணமல்ல என்றும் தெரிந்துவிட்டால், விரையிலிருந்து விந்தணு எடுக்கும் அறுவைக்கோ, விந்தணுவைக் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்சிக்கோ தேதி குறிக்கும் முன்பே ஒய் குரோமோசோம் நுண்நீக்கப் பரிசோதனை (அதில் சிறு மரபணுத் துண்டு ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது) செய்ய வேண்டும். கூடவே குரோமோசோம் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும்.

எங்களிடம் வரும் கோப்புகளில் மனைவியின் பக்கம் ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோபி எனத் தடித்திருக்கும். கணவருக்கு ஒற்றைத் தாள். ‘கவுண்ட் கம்மி’ என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்திருப்பார்கள். அறுந்துபோன மரபணுத் துண்டை எந்த மாத்திரையும் லேகியமும் திருப்பித் தராது.

ஒய் குரோமோசோமின் நீண்ட கரத்தில் விந்தணு உற்பத்திக்கான காரணி இருப்பதை இத்தாலியின் டியெபோலோவும் சுஃபார்டியும் 1976இலேயே சுட்டிக்காட்டினார்கள். அங்கே ஏ, பி, சி என மூன்று பகுதிகள் இருப்பது 1996இல் தெளிவானது. எந்தப் பகுதி போயிருக்கிறது என்பதுதான் முக்கியம். ஏ முழுதாக இல்லாதவரின் விரையில் விந்தணுவாக வளரும் செல்களே இருக்காது. பி முழுதாக இல்லாதவருக்கு உற்பத்தி பாதியில் நின்றுபோகும். இவ்விருவருக்கும் விரையைத் திறந்து அணு தேடுவது வீண் வலி, வீண் செலவு. செய்யக் கூடாது என்கிறோம். அதிகம் காணப்படும் சி நீக்கம் அப்படியல்ல. சிலருக்கு விந்திலேயே அணு வரும். வராதவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறுவையில் கிடைக்கிறது.

ஆனால் பிறக்கும் மகனுக்கு அப்பாவின் அதே ஒய்தான் போகும், குறையோடு சேர்த்து. சிகிச்சை தொடங்கும் முன் இருவரையும் உட்காரவைத்து இதைச் சொல்ல வேண்டும். பிறகு முடிவு அவர்களுடையது: இக்சியோ, கொடை விந்தணுவோ, தத்தோ. ‘பெண் கருவை மட்டும் வைத்துவிடலாம்’ என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. பாலினத் தேர்வைத் தடுக்க இந்தியாவில் 1994இல் வந்த சட்டத்துக்குப் பின்வாசல் திறக்க இதைச் சாக்காக்கக் கூடாது.

இந்த நீக்கத்தால் தாம்பத்திய உறவு பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. ஆகவே கணவன்மார் கூச்சப்பட ஏதுமில்லை. அறுவைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் ஒய் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பகுதி என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.