பாடம் பள்ளியில், குப்பை பக்கத்து ஊரில்

2024 டிசம்பரில் திருநெல்வேலியை ஒட்டிய நடுக்கல்லூர், கோடகநல்லூர், பழவூர் பகுதிகளில் மூட்டை மூட்டையாகக் கழிவு கிடந்தது. ஊசி, கையுறை, ரத்தம் தோய்ந்த பஞ்சு, கூடவே நோயாளிகளின் விவரம் அச்சிட்ட காகிதங்கள். அந்தக் காகிதங்கள்தாம் குப்பையின் விலாசத்தைக் காட்டிக்கொடுத்தன: திருவனந்தபுரம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மூன்று நாளில் எடுத்துக்கொண்டு போங்கள் என்று கேரளத்துக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 22 அன்று கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

இரு மாநிலத் தொலைக்காட்சிகளிலும் அன்று நடந்த விவாதங்கள் எதிர்பார்த்தபடியே இருந்தன. "கேரளா நம்மைக் குப்பைத் தொட்டியாக்குகிறது" என்று இந்தப் பக்கம் குரல். "ஒப்பந்தக்காரர் செய்த தவறு, நாங்கள் என்ன செய்ய" என்று அந்தப் பக்கம் பதில். அந்தச் சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு, படிப்பில் நாட்டுக்கே வழிகாட்டி என்று பெயர் வாங்கிய ஒரு மாநிலத்தின் தலைநகரம் ஏன் இந்த நிலைக்கு வந்தது என்று கேட்பது நமக்கு அதிகம் பயன் தரும். கேள்வி கேரளத்தைப் பற்றியது மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம்.

இத்தாலியிலும் ஏறக்குறைய இதே கதை நடந்தது. 2020இல் அந்நாட்டின் கம்பானியா பகுதியிலிருந்து 282 கன்டெய்னர்கள் துனிசியாவின் சூஸ் துறைமுகத்துக்குப் போயின. மறுசுழற்சிக்கான பிளாஸ்டிக் என்று காகிதத்தில் இருந்தது. திறந்தால் வீட்டுக் குப்பை. துனிசியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர் பதவி இழந்து கைதானார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2022 பிப்ரவரியில் 213 கன்டெய்னர்கள் இத்தாலிக்கே கப்பலேறின. கடலுக்குப் பதில் கேரள எல்லையிலுள்ள புளியரை, களியக்காவிளை சோதனைச் சாவடிகளை வைத்துக்கொண்டால் நம் கதைதான்.

அதே 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் இத்தாலியப் பள்ளிகளில் ஒரு புதிய பாடம் தொடங்கியிருந்தது. குடிமைக் கல்வி, ஆண்டுக்குக் குறைந்தது 33 மணி நேரம், அதில் அரசியல் சட்டத்தோடு நீடித்த வளர்ச்சியும் காலநிலையும் உண்டு. இதை உலகறியப் பேசியவர் லொரென்சோ ஃபியோராமோன்டி. பொருளாதாரப் பேராசிரியர், 2018இல் நாடாளுமன்ற உறுப்பினரானவர், 2019 செப்டம்பரில் கல்வி அமைச்சரானவர். பள்ளிக்கும் சூழலுக்கும் ஒரே சாவி என்பது அவர் வாதம். விமானப் பயணச்சீட்டு, பிளாஸ்டிக், இனிப்பு பானங்கள் ஆகியவற்றுக்கு வரி போட்டு அந்தப் பணத்தைக் கல்விக்குத் தரச் சொன்னார். மாசு செய்பவர் கட்டும் காசில் பிள்ளைகள் படிக்கட்டும் என்பது கணக்கு. கல்விக்கு அவர் கேட்டது 300 கோடி யூரோ. வரவுசெலவுத் திட்டத்தில் அது வராததால், சொன்ன சொல் காக்கிறேன் என்று அந்த டிசம்பரிலேயே பதவியை விட்டுப் போனார். நான்கு மாதம்கூட முழுதாக அமைச்சராக இருக்கவில்லை. பாடம் மட்டும் பள்ளிக்கு வந்தது. குப்பையோ துனிசியாவுக்குப் போனது.

ஐரோப்பாவைப் பற்றி நம் மக்கள் பிரதிநிதிகளுக்குத் தனி மயக்கம் உண்டு. வெள்ளம் என்றால் நெதர்லாந்து, பள்ளி என்றால் பின்லாந்து. 2019இல் கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயன் நெதர்லாந்து போய், ஆற்றுக்கு இடம் விடும் அவர்களுடைய திட்டத்தைப் பார்த்துவந்து குட்டநாட்டுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார். 2022இல் பின்லாந்தோடு கல்வி ஒத்துழைப்பு பற்றிப் பேச்சு நடந்தது. போய்ப் பார்ப்பதில் தவறே இல்லை. பயணச் செலவைக் கணக்குப் பார்த்துக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அங்கே கண்ணுக்குத் தெரிவது எந்திரமும் வகுப்பறையும். ஆட்சி மாறினாலும் மாறாத ஓர் உடன்பாடு அவற்றின் கீழே இருக்கிறது. அதைப் படம் பிடித்துக்கொண்டு வர முடியாது. குப்பையை அது உண்டான இடத்துக்கு முடிந்தவரை அருகிலேயே தீர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுக் கழிவு நெறிமுறையே சொல்கிறது. சொல்லிவிட்டுத் துனிசியாவுக்கு அனுப்பியவர்களும் அவர்கள்தாம் என்பதை மறக்கவில்லை. அவமானப்பட்ட பிறகாவது 2024இல் சட்டத்தை இறுக்கினார்கள். வளர்ந்த நாடுகளின் அமைப்பில் இல்லாத நாடுகளுக்கு பிளாஸ்டிக் கழிவு அனுப்புவதை 2026 நவம்பர் முதல் நிறுத்துவதாக அந்தச் சட்டம் விதித்தது.

இனி திருவனந்தபுரத்துக்கு வருவோம். 2000இல் மாநகராட்சியின் குப்பைக்கு விளப்பில்சாலை என்ற கிராமத்தில் ஓர் ஆலை தொடங்கப்பட்டது. நகரம் நிம்மதியாகக் குப்பையை மறந்தது. கிராமம் நாற்றத்திலும் கசிவுநீரிலும் கிடந்தது. 2011 டிசம்பரில் கிராம ஊராட்சி ஆலைக்குப் பூட்டுப் போட்டது. நீதிமன்ற உத்தரவோடும் போலீஸ் படையோடும் 2012இல் லாரிகள் வந்தபோது பெண்களும் பிள்ளைகளும் சாலையை மறித்தார்கள். லாரிகள் திரும்பின. ஆலை அதன்பின் திறக்கவே இல்லை. அதே விளப்பில்சாலையில்தான் பிறகு ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நிரந்தர வளாகத்துக்கு இடம் பார்த்தார்கள். குப்பைக்கு இடம் தர மறுத்த ஊருக்குக் கல்வி வருகிறது என்றால் யாருக்கும் மகிழ்ச்சிதான்.

அந்தப் பூட்டு நகரத்துக்கு நன்மையே செய்தது. வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வீடு ‘கிச்சன் பின்’ என்ற உரத் தொட்டி வந்தது. கால்நடைப் பண்ணையில் உருவான தும்பூர்முழி முறைத் தொட்டிகள் தெருக்களில் வந்தன. மக்கும் குப்பை வீட்டோடும் தெருவோடும் தீர வேண்டும், மக்காததை ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதந்தோறும் வந்து வாங்கிப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. 2015 தேசிய விளையாட்டுப் போட்டியில் தொடங்கிய பசுமை நெறிமுறை கல்யாண மண்டபம்வரை போனது. பள்ளிகளில் எழுதித் தீர்ந்த பேனாவைப் போடக்கூடத் தனிப் பெட்டி வைத்தார்கள். அண்டை மாநிலத்தில் இருந்துகொண்டு குறை மட்டும் சொல்வது எளிது; இவ்வளவை நம் நகரங்களில் எத்தனை செய்திருக்கின்றன?

ஆலப்புழைக்கும் அதே 2012இல் இதே நெருக்கடி. அங்கே சட்டமன்ற உறுப்பினராக இருந்த டி.எம். தாமஸ் ஐசக் அப்போது எதிர்க்கட்சிக்காரர். அரசாங்கத்தைத் திட்டி நான்கு அறிக்கை விட்டிருந்தால் போதும், அடுத்த தேர்தலுக்கு அதுவே மூலதனம். அவரோ வார்டு வார்டாக நடந்து, உரத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இதில் நாற்றம் வராது பாருங்கள் என்று மக்களிடம் காட்டினார். 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் குப்பையை வென்ற ஐந்து நகரங்களைப் பட்டியலிட்டபோது ஆலப்புழையும் அதில் இருந்தது. கூடவே ஐரோப்பாவிலிருந்து ஸ்லோவேனியாவின் லியுப்லியானா. குப்பையே இல்லாத இலக்கை அறிவித்த முதல் ஐரோப்பிய ஒன்றியத் தலைநகரம் அது. அந்தப் பட்டியலில் ஆலப்புழை யாரிடமும் கடன் வாங்கிய பாடத்தோடு நிற்கவில்லை.

இத்தனை இருந்தும் மருத்துவக் கழிவு திருநெல்வேலிக்கு வந்தது எப்படி? வீட்டுக் குப்பைக்குக் கண்ட தீர்வு மருத்துவமனைக் குப்பைக்குப் பொருந்தாது. அதைத் தீர்க்க ஓர் ஆலை வேண்டும், அந்த ஆலைக்கு ஓர் ஊர் வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல்படி அத்தகைய நிலையம் 75 கிலோமீட்டர் ஆரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் 150. கேரளத்திலோ பல ஆண்டுகளாக மாநிலம் முழுவதும் பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் இருக்கும் நிலையத்தையே நம்பிக்கொண்டிருந்தது. தலைநகரத்திலிருந்து அது கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். தெற்கே ஒன்று கட்ட 2018 வாக்கில் பாலோட்டில் இடம் பார்த்தபோது மக்கள் எதிர்த்தார்கள். காடும் சதுப்பும் நிறைந்த அந்த இடத்தைப் பற்றிய அவர்கள் அச்சத்தில் நியாயம் இருந்தது. அங்கே வேண்டாம் என்று சொல்ல எல்லாக் கட்சியிலும் ஆள் இருந்தது. சரி, எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். வியன்னாவில் ஸ்பிட்டலாவ் எரியூட்டு ஆலை நகரத்தின் நடுவிலேயே நிற்கிறது. அருகில் கட்டிய பெரிய அரசு மருத்துவமனைக்கு வெப்பம் தரத்தான் அதைக் கட்டினார்கள். 1987இல் அது தீப்பற்றியபோது, மூடுவதா கட்டுவதா என்று ஊரே விவாதித்துத் திரும்பக் கட்டினார்கள். எரியூட்டுவதே சிறந்த வழி என்று நான் சொல்ல வரவில்லை. எங்கே என்ற கேள்வியைத் தெருவில் வைத்துப் பேசி முடிவுகட்டினார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பதில் சொல்ல ஆளில்லாத இடைவெளியின் விலையைத் திருவனந்தபுரம் ஓர் உயிராகவே கொடுத்திருக்கிறது. 2024 ஜூலை 13 அன்று ரயில் நிலையத்துக்கு அடியில் போகும் ஆமையிழஞ்சான் ஓடையில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி அடித்துச் செல்லப்பட்டார். உடல் கிடைக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் இது ரயில்வேயின் குப்பையா, மாநகராட்சியின் குப்பையா என்ற வாக்குவாதம் ஓயவில்லை. ஓடையோ சாலை என்னும் கடைவீதியையும் குடியிருப்புகளையும் அலுவலகங்களையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அதில் பை வீசியவர் இல்லாத கட்சி எதுவும் இல்லை. 2025 டிசம்பர் தேர்தலில் மாநகராட்சி பாஜகவிடம் போனது. ரயில்வே ஏற்கெனவே அந்தக் கட்சி ஆளும் மத்திய அரசின் கையில். இனி இந்த ஓடையின் விஷயத்தில் விலகி நின்று விரல் நீட்டும் வசதி எந்த அணிக்கும் இல்லை. ஒருமித்த முடிவுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

மக்கள் பிரதிநிதிகளை மட்டும் குற்றம் சொன்னால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்கள் ஆவோம். இடுக்கி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பி.டி. தாமஸ், மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்க மாதவ் காட்கில் குழு 2011இல் தந்த அறிக்கையை வெளிப்படையாக ஆதரித்தார். தொகுதியில் அவருக்குப் பாடை கட்டிச் சவ ஊர்வலம் நடத்தினார்கள், ஆள் உயிரோடு இருக்கும்போதே. 2014இல் கட்சி அவருக்கு அங்கே சீட் தரவில்லை. 2018 பெருவெள்ளமும் நிலச்சரிவுகளும் வந்த பிறகு, தாமஸ் சொன்னது சரிதான் என்றவர்கள் ஏராளம். சூழலைப் பற்றிப் பேசினால் வாக்கு போகும் என்று ஓர் உறுப்பினர் அஞ்சுவதற்கு நாம்தான் காரணம் காட்டியிருக்கிறோம்.

சிறிய அளவில் இதுவே வீட்டு வாசலிலும் நடந்தது. ஹரித கர்ம சேனைக்கு மாதக் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி சுற்றியது. படித்தவர்கள் வீட்டு வாசலில் அந்தப் பெண்கள் ஏச்சு வாங்கினார்கள். அரசு மறுத்து விளக்கம் தர வேண்டியிருந்தது. கடைசியில் 2024இல் கேரளம் சட்டத்தைத் திருத்தி, கட்டணப் பாக்கியை வரிப் பாக்கி போல வசூலிக்கலாம் என்றும், நீர்நிலையில் கொட்டினால் 50,000 ரூபாய் வரை அபராதம் என்றும் விதித்தது. பேனாப் பெட்டி வைத்த பள்ளியில் படிக்கும் பிள்ளை, வாசலில் அப்பா அந்தச் சேச்சியோடு சண்டை போடுவதைப் பார்த்தால் எந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொள்ளும்?

சுற்றுச்சூழல் கல்வியை நாடு முழுவதும் கட்டாயமாக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1991இல், எம்.சி. மேத்தா வழக்கில். முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. மாணவர்கள் ஓசோனைப் பற்றி ஐந்து மதிப்பெண் விடை எழுதுகிறார்கள். தங்கள் பள்ளியின் குப்பை எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஆசிரியரும் அறியார், தொகுதி எம்.எல்.ஏ.வும் அறியார்.

தமிழ்நாட்டின் பங்கையும் சொல்லாமல் முடிக்க முடியாது. லாரி எல்லையைத் தாண்டியது நம் சாவடி வழியாகத்தான். நிலத்தைக் காட்டிக் காசு வாங்கியவர்கள் நம் ஊர்க்காரர்கள். குமரி மலைகளை உடைத்த பாறையும் எம்-சாண்டும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகின்றன, விழிஞ்ஞம் துறைமுகம் உட்பட. அந்த வியாபாரத்தில் யாரும் மாநில உரிமை பேசுவதில்லை. 2025இல் மருத்துவக் கழிவு கொட்டுவோரைக் குண்டர் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரத் தமிழக சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. ஓட்டுநரும் தரகரும் உள்ளே போவார்கள். சரியான முறையில் கழிவைத் தீர்க்க ஆகும் செலவைவிடக் குறைந்த விலை கேட்ட ஒப்பந்தக்காரருக்கு வேலையைக் கொடுத்து, அது எங்கே போகிறது என்று கேட்காத மருத்துவமனைகளை அந்தச் சட்டம் தொடாது.

திருவனந்தபுரத்துச் சட்டமன்றத்தில் 140 உறுப்பினர்கள், சென்னையில் 234. எல்லையோரத் தொகுதிகளான பாறசாலை, நெய்யாற்றின்கரை, விளவங்கோடு, தென்காசி உறுப்பினர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார எந்த நீதிமன்ற உத்தரவும் தேவையில்லை. தென்கேரளத்தின் மருத்துவக் கழிவுக்கு எந்த இடம், யார் செலவு, அந்த ஊருக்கு ஈடாக என்ன என்பதை எல்லா அணிகளும் சேர்ந்து கையெழுத்திட்டு அறிவிக்கட்டும். இரு மாநிலப் பசுமைக் கட்டணங்களிலிருந்து ஒரு பங்கைப் பள்ளிகளுக்கு ஒதுக்கட்டும். ஃபியோராமோன்டி கேட்டுக் கிடைக்காத அதே ஏற்பாடு இங்கே கிடைக்கக்கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. உங்கள் தொகுதி உறுப்பினர் அடுத்த முறை பள்ளி விழாவுக்கு மரக்கன்று நட வரும்போது, நட்டு முடித்ததும் அவரிடம் ஒன்று கேளுங்கள்: நம் ஊர் ஆஸ்பத்திரிக் குப்பை எங்கே போகிறது? பதில் சொல்லத் தெரியவில்லை என்றால், அடுத்த விழாவுக்குள் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். உண்மையான பதில் உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும், அதைச் சொன்னதற்காக அவரைத் தோற்கடிக்காதீர்கள்.